அப்பாவை வரைந்தபோது தெரிந்தது

அன்புள்ள ஜோயல்,

போன வாரம் போனில் நீ கேட்ட கேள்வி இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "அம்மா, அப்பா கல்யாணத்துக்கு வருவாரா மாட்டாரா? ஒத்த வார்த்தையில சொல்லு." பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை, அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. பதில் தெரியாமல்தான் அப்படிச் செய்தேன். இப்போது பதில் தெரியும், ஆனால் அது ஒற்றை வார்த்தையில் அடங்காது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று நீ அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். கடிதம் என்றால் உன்னால் குறுக்கே பேச முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

நிவேதாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக நீ சொன்ன நாளில் இருந்து அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நீ கூப்பிட்டால் "சாப்ட்டியாப்பா? ஓசூர்ல குளிரா?" என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிடுகிறார். ஏன் என்று நீ கேட்டபோது, பொண்ணு இந்து, அதுதான் அவருக்கு மனசில்லை என்று நான் சொன்னேன். ஏதோ அவரே என்னிடம் உட்கார்ந்து சொன்னதுபோல அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். நீயும் அதை நம்பி, ஈஸ்டர் கழிந்து நடக்கப்போகிற கல்யாணத்துக்கு அப்பா இல்லாமலே ஏற்பாடு செய்ய மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறாய். அந்தக் காரணத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் என் டிராயிங் கிளாஸில் இருந்து ஆரம்பித்தால்தான் உனக்கு விளங்கும். பொறுமையாகப் படி.

தை பிறந்தால் எங்கள் காலண்டர் கம்பெனியில் வேலை ஓய்ந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். ஆடியில் இருந்து மார்கழி கடைசிவரை ஆர்டர் ஆர்டர் என்று விழி பிதுங்கும். அதற்கப்புறம் டிசைனிங் செக்‌ஷனில் நாங்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. முருகனையும் மாதாவையும் மக்காவையும் ரோஜாப்பூவுக்கு நடுவே சிரிக்கிற குழந்தையையும் இத்தனை வருஷமாக மவுஸால் இழுத்து இழுத்து வைத்திருக்கிறேன். சம்பளமும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கையால் ஒரு வாழைப்பழம்கூட வரைந்ததில்லை. விருதுநகரில் ஒரு பெண் தன் வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயந்திரம் வகுப்பு எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, திருத்தங்கலில் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட்டேன். மிஸ்ஸுக்கு உன் வயசுதான் இருக்கும். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். உன்னிடம் சொன்னபோது, "யூனிஃபார்ம் தைக்கக் குடுத்தாச்சாம்மா? தண்ணி பாட்டில்?" என்று கேட்டாய். தண்ணீர் பாட்டில் நிஜமாகவே வாங்கினேன், உன்னிடம் சொல்லவில்லை.

முதல் பிராஜெக்ட், வீட்டில் இருக்கிற ஒரு பொருள். நான் நம் குக்கரை வரைந்துகொண்டு போனேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு, பளபளவென்று வெளிச்சம் தெறிக்கிற மாதிரி ஒரு வெள்ளைக் கோடு எல்லாம் போட்டு, எனக்கே பெருமை தாங்கவில்லை. மிஸ் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது உங்க வீட்டுக் குக்கரா, கடையில அடுக்கி வச்சிருக்கிற குக்கரா?" என்றாள். வீட்டுக்கு வந்து அதை எடுத்து மேசை மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் நசுங்கி இருக்கிறது. கைப்பிடி தீய்ந்து, அப்பா கட்டிக்கொடுத்த கம்பியில் நிற்கிறது. தினமும் இரண்டு வேளை கையில் எடுக்கிற சாமான், அதை நான் பார்த்ததே இல்லை. குக்கர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததை வரைந்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது பிராஜெக்ட்டில் மானமே போய்விட்டது. பார்த்த இடம் ஒன்றை வரையச் சொன்னாள். நான் பஸ் ஸ்டாண்டை வரைந்தேன். பூக்காரம்மா, பஸ் மேலே ஏற்றுகிற மூட்டை, வெயில் என்று எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. பக்கத்தில் உட்காருகிற அஞ்சாம் வகுப்புப் பெண் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, கீழ ஏன் ஒண்ணுமே இல்ல?" என்றாள். பார்த்தால் தாளின் அடிப்பாகம் வெறுமையாகக் கிடக்கிறது. யோசிக்காமல், "அங்கனதான கண்ணு கடைப்பேரு வரும். அதுக்குக் கீழ தேதி கிழிக்கிற கட்டு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். காலண்டரில் படத்துக்கு எப்போதும் மேல்பாதிதான். கீழே முக்கியமாக எதையும் வைக்கக் கூடாது, வைத்தால் தேதிக் கட்டு வந்து மறைத்துவிடும். அந்தப் புத்தி என் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் நினைவு வந்தது. மூன்றாம் வகுப்பில் "என் குடும்பம்" என்று வரையச் சொன்னார்கள் அல்லவா? நீ அப்பாவின் காதையும் கழுத்தையும் வெள்ளிக் கலரில் தீட்டி வைத்திருந்தாய். அப்போது அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ரூமில் இருந்தார். எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் அலுமினியப் பவுடர் காது மடிப்பில் மின்னும். நான், "மனுஷன் எங்கலே வெள்ளிக் கலர்ல இருக்கான்?" என்று சொல்லி அதன் மேல் பழுப்புக் கலரைத் தேய்த்து, அழகாக்கி அனுப்பினேன். நீ அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாய். நீ பார்த்ததை வரைந்திருந்தாய். அந்த வீட்டில் அப்போதே ஒரு ஓவியன் இருந்திருக்கிறான், கலரை மாற்றிக் கெடுத்தவள் நான்தான்.

மூன்றாவது பிராஜெக்ட்தான் நான் சொல்ல வந்தது. வீட்டில் இருக்கிற ஒருவரை எதிரே உட்காரவைத்து வரைய வேண்டும். போட்டோ பார்க்கக் கூடாது. ஒரே நாளில் முடிக்கக் கூடாது. வீட்டில் நானும் அப்பாவும்தான், அதனால் வேறு ஆளைத் தேட வழியில்லை. கேட்டதும், "எம் மூஞ்சிய வரஞ்சு என்ன செய்யப் போற? காலண்டர்ல போட்டா ஒருத்தனும் ஆர்டர் குடுக்க மாட்டான்" என்றார். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, முன் ரூம் நாற்காலியில் உட்காரவைத்தேன். முதல் வாரம் கறிக்குழம்பு சாப்பிட்ட களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். தலை சாயச் சாய நான் தாளைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சாவது விடுங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஜோயல், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அப்பாவின் முகத்தை ஒரு மணி நேரம் நான் தொடர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், என்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்தால் அவர் அச்சங்குளம் போகிற கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடுகிறார், நான் கம்பெனிக்கு ஓடுகிறேன். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் தட்டைப் பார்க்கிறோம், டிவியைப் பார்க்கிறோம். உனக்கும் நிவேதாவுக்கும் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே வேலையாக இருக்கும். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள், அது தானாகவே போய்விடுகிறது.

அந்த இரண்டு வாரமும் வரைந்ததை எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன். பார்த்துவிட்டு, "சார் கோவக்காரரா ஆன்ட்டி?" என்றாள். "இப்பக் கொஞ்ச நாளா மகன்மேல கோவம்" என்றேன். அவள் படத்தின் புருவத்தில் விரலை வைத்து, "இத அவரப் பாத்து வரஞ்சீகளா, இல்ல உக்காருறதுக்கு முன்னாடியே மனசுல வச்சிருந்தீகளா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உண்மையில் புருவத்தைத்தான் முதலில் போட்டிருந்தேன். நெரித்த புருவம், இரண்டுக்கும் நடுவே இரண்டு கோடு, கோபம் என்றால் எல்லோரும் போடுவதுபோல. "இந்த வாரம் வாயில இருந்து ஆரம்பிங்க. புருவத்தக் கடைசியா பாத்துக்குவோம்" என்றாள்.

அப்படித்தான் அடுத்த ஞாயிறு வாயில் இருந்து ஆரம்பித்தேன். அவருடைய கீழ் உதடு உள்ளே மடங்கி இருந்தது. பல்லால் லேசாகக் கவ்விக்கொண்டிருந்தார். நெற்றியைப் பார்த்தேன், அதில் ஒரு சுருக்கமும் இல்லை. அது கோபப்படுகிற முகமே இல்லை, ஜோயல். எல்லாப் பிள்ளையையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டு ஒரு பிள்ளையை மட்டும் விட்டுவிட்டால் அது ஓரமாக நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு இருக்குமே, அப்படி இருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நேரடியாகவே கேட்டேன்.

"பொண்ணு இந்துங்கிறதுதான உங்களுக்குச் சங்கடம்?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா நெனச்சேன்."

"நீயா நெனச்சு, அத அவன்கிட்டயும் சொல்லிட்டியாக்கும்?"

நான் உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தேன்.

"என்னைய அசையாம இருன்னுட்டு நீ ஏன் அசையுற? படத்த வரை" என்றார். நான் மறுபடியும் பென்சிலை எடுத்தேன். தலையை ஆட்டக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால், தலையைத் திருப்பாமல், சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார். எதிரில் பார்த்துக்கொண்டு பேச வேண்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"அன்னைக்கு அஞ்சரைக்குக் கம்பெனிய விட்டு வெளிய வாரேன். வாட்ச்மேன் என் போன எடுத்துக் கையில குடுத்துக்கிட்டே, 'அண்ணாச்சி, மகனுக்குக் கல்யாணமாம்ல, சொல்லவே இல்லயே'ங்கிறான். அவன் மகன் நம்ம ஜோயலோட படிச்சவன்ல, போட்டோவே வந்திருச்சாம். எனக்கே தெரியாதுன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்ல? 'சொல்லணும்னுதான்ப்பா இருந்தேன்'னு சிரிச்சு வச்சேன். வண்டிகிட்ட வந்து போனத் தொறந்தா, உன் மகன் ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கான். காலையில பதினோரு மணிக்கு. எட்டு மணிக்குப் போன வாசல்ல குடுத்துட்டு உள்ள போனா அஞ்சரைக்குத்தான் கைக்கு வரும்னு அவனுக்குத் தெரியாதா? அம்புட்டு நேரம் பொறுக்க முடியலையா?"

அன்றைக்கு நடந்தது இப்போது என் கண் முன்னால் வந்தது. சந்தோஷத்தில் நீ அவரைக் கூப்பிட்டாய். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் போகாது என்பது உனக்குப் பிறந்ததில் இருந்து தெரிந்ததுதான், அந்த நேரத்தில் மறந்திருக்கும். அவர் எடுக்கவில்லை என்றதும் என்னிடம் சொன்னாய். அதற்குமேல் உனக்கும் பொறுக்கவில்லை, நீங்கள் இரண்டு பேரும் நிற்கிற போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாய். நான் மட்டும் என்ன? அத்தைக்குச் சொன்னேன், செக்‌ஷனில் சொன்னேன், மத்தியானத்துக்குள் திருத்தங்கலில் பாதிப் பேருக்குத் தெரியும். சாயந்திரம் நான் சொல்லிவிடுவேன் என்று நீ இருந்துவிட்டாய். நீ சொல்லியிருப்பாய் என்று நான் இருந்துவிட்டேன். அவர் வந்தார், குளித்தார், சாப்பிட்டார், ஒன்றும் பேசவில்லை. பேசாததற்கு நானே ஒரு காரணம் எழுதி, அதை உனக்கும் அனுப்பிவைத்தேன்.

"அவன் பொறந்தது காலையில" என்றார் அப்பா. சுவரைப் பார்த்தபடிதான். "எனக்குச் சாயங்காலந்தான் தெரியும். எங்கய்யா செத்தது, உனக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, அவன் பத்தாவதுல மார்க்கு வாங்குனது, எல்லாத்தையும் அந்த வாசல்ல நின்னு எவனோ சொல்லித்தான் கேட்டிருக்கேன். தப்புன்னு சொல்லல. வெடிமருந்து கையில இருக்கையில நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது. கை நடுங்கிரும். போர்மேனா நானே என் ஆளுக யாருக்கும் சொல்ல விட்டதில்ல. ஆனா இதுக்கு என்ன அவசரம்? கல்யாணத்தயாவது அவன் வாயால சொல்லி நான் கேக்கணும்னு இருந்தேன். அம்புட்டுத்தான். பொண்ணு யாரா இருந்தா எனக்கென்ன, அவன் வாழப் போறான்."

நான் தாளின் மேல் குனிந்துகொண்டேன். உதட்டை வரைந்தேன். கண் கலங்கி இருந்ததால் இரண்டு தடவை அழிக்க வேண்டியிருந்தது. அவர் வாசலில் நின்று கேட்ட செய்திகள் எல்லாம் எனக்கும் தெரியும், அவற்றில் பாதியை அனுப்பியவளே நான்தான். வாங்கிக்கொண்டவர் எப்படி வாங்கினார் என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. ராசா, நீ கல்யாணம் ஆகப் போகிறவன் என்பதால் சொல்கிறேன். நிவேதா ஒரு நாள் பேசாமல் இருந்தால், ஏன் என்று நீயே எழுதி முடித்துவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து கேள். கேட்பதற்கு உன் அம்மாவைப்போல டிராயிங் கிளாஸில் சேர வேண்டியது இல்லை.

படம் முடிந்ததும் அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது நானா? எங்கய்யா மாதிரில்ல இருக்கு" என்றார். அடுத்த சனிக்கிழமை மிஸ் ஒன்றும் திருத்தவில்லை. அந்த அஞ்சாம் வகுப்புப் பெண்தான் எட்டிப் பார்த்து, "கடைப்பேருக்கு இடமே இல்லையே ஆன்ட்டி" என்றாள். முழங்கால் மேல் வைத்த இரண்டு கையும், நாற்காலிக் காலும், தரையுமாகத் தாளின் அடிவரைக்கும் வரைந்திருந்தேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவரிடம் கேட்டேன். "அப்பக் கல்யாணத்துக்கு வருவீகள்ல?"

"என்ன கல்யாணம்?" என்றார். "என்கிட்ட யாரு வந்து சொன்னா?"

முகத்தை ரொம்பக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் இப்போது அந்த முகத்தைப் படித்தவள் ஆயிற்றே. உனக்கு எழுதப் போகிறேன் என்றேன். "எழுதிக்கோ. நான் சொன்னேன்னு எழுதாத" என்றார். அந்த ஒன்றில் மட்டும் நான் சொல் பேச்சுக் கேட்கவில்லை. நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வா. நிவேதாவை அடுத்த தடவை கூட்டி வரலாம், இந்தத் தடவை தனியாக வா. சனிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறினால் ஆராதனைக்கு முன்னால் வந்துவிடலாம். சாப்பாடு முடியட்டும். அவர் முன் ரூம் நாற்காலியில் உட்காருவார், நீ எதிரில் உட்கார். மன்னிப்பு எதுவும் கேட்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை என்று கணக்குச் சொல்லாதே. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, உலகத்தில் வேறு யாருக்குமே தெரியாது என்பதுபோல முதலில் இருந்து சொல். அவர் தெரியாதவரைப்போலவே கேட்பார். "அப்படியா" என்பார். "பொண்ணு பேரென்ன?" என்று கேட்பார். சிரித்துவிடாதே, பெயரைச் சொல். எந்த ஊர், என்ன படிப்பு, அவளுடைய அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே போவார், ஒன்று விடாமல் பதில் சொல்.

நான் அடுப்படியில் இருப்பேன். எட்டிப் பார்க்க மாட்டேன். எல்லாம் கேட்டு முடித்ததும் அவர் இந்தப் பக்கம் திரும்பி, "ஏ, இங்க வா" என்று என்னைக் கூப்பிடுவார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னங்க, என்ன விஷயம்?" என்று கேட்பேன். நீ வாயைத் திறக்காதே, ஜோயல். அவர் சொல்லட்டும்.

அம்மா